ஜப்பான் மொழி பேசலாம் வாங்க!

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? ‘அம்மா, போறேன்’ என்று சொன்னால் வீட்டில் இருக்கும் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். “போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு!” என்று திருத்துவார். சரிதானே?

இப்போது அப்படியே ஒரு தாவு தாவி ஜப்பானுக்குப் போவோம். அங்கும் காலை நேரம். ஒரு சிறுமி முதுகில் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் காலணியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறாள்: “இத்தெ கிமஸ்!”

‘இத்தெ’ என்றால் ‘போய்’. ‘கிமஸ்’ என்றால் ‘வருகிறேன்’. அதாவது ‘போய் வருகிறேன்’!

உள்ளே இருந்து அம்மா பதில் சொல்கிறார்: “இத்தெரஷ்ஷை!” அதற்கு அர்த்தம், ‘போய் வா!’

ஆச்சரியமாக இருக்கிறதா? எங்கோ கிழக்குக் கடலில் இருக்கும் தீவு நாட்டுக் குழந்தைகளும் நம்மைப் போலவே, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் மொழியைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய பேர். ‘எனக்கு இங்கிலீஷே சரியா வராது, இதில் ஜப்பான் மொழி வேறயா?’ என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜப்பானிய வாக்கியத்தைக் கட்டுவதற்கு ஆங்கிலத்தை விடத் தமிழ்தான் அதிகம் உதவும். எப்படி என்று பார்ப்போமா?

குறிலா, நெடிலா?

முதலில் ஒலிகள். ஜப்பான் மொழியில் உயிர் ஒலிகள் ஐந்துதான்: அ, இ, உ, எ, ஒ. இவற்றுக்கு நெடிலும் உண்டு. குறில், நெடில் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘கல்’ வேறு, ‘கால்’ வேறு என்பது ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

அங்கும் அப்படியே! ‘ஒபஸன்’ என்றால் அத்தை அல்லது சித்தி. ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. ‘ஒஜிஸன்’ என்றால் மாமா. ‘ஒஜீஸன்’ என்றால் தாத்தா. ஒரு குறிலை இழுத்துவிட்டால் போதும், இளவயது அத்தை பாட்டியாகிவிடுவார். அப்புறம் அவர் முறைப்பதற்கு நான் பொறுப்பில்லை!

இந்தக் கட்டுரையில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். குறிலைக் குறிலாகவே படியுங்கள். ‘இத்தெ’ என்பதில் வருவது போல வல்லினம் இரட்டித்து வந்தால் அழுத்திச் சொல்லுங்கள். ஒற்றையாகச் சொல்லின் நடுவில் வந்தால் மென்மையாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் ல, ள, ழ கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே ‘ர’தான். அதனால் நம் ‘தமிழ்’ அவர்கள் வாயில் ‘தமிரு’ ஆகிவிடும். சொல்லின் கடைசியில் மெய் வந்தால் (‘ன்’ தவிர) ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வார்கள். ‘பஸ்’ அங்கே ‘பஸு’. சிரிக்காதீர்கள்! நாமும் ‘காரு’, ‘பஸ்ஸு’ என்றுதானே பேசுகிறோம்?

இது, உது, அது, எது

அடுத்து, சுட்டுச் சொற்கள்.

கொரெ - இது (என் பக்கத்தில் இருப்பது)
ஸொரெ - உன் பக்கத்தில் இருப்பது
அரெ - அது (இருவருக்கும் தூரத்தில் இருப்பது)
டொரெ - எது

இது, அது, எது சரி. அந்த இரண்டாவது சொல்லுக்குத் தமிழில் என்ன? ‘உது’! ஆமாம், குட்டீஸ். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று இலக்கணப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உகரச் சுட்டைத் தமிழ்நாட்டில் நாம் மறந்துவிட்டோம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழில் ‘உது’, ‘உங்கே’ எல்லாம் இன்றும் இருக்கின்றன. எதிரே இருப்பவரின் பக்கத்தில் உள்ளதைக் காட்ட அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஆக, ‘ஸொரெ’ என்பதை யாழ்ப்பாணக் குழந்தைகள் சட்டென்று புரிந்துகொள்வார்கள்!

இடத்தைக் காட்டவும் இதே கணக்குதான். கொக்கொ (இங்கே), ஸொக்கொ (உங்கே), அஸொக்கொ (அங்கே), டொக்கொ (எங்கே).

இப்போது ஒரு சின்ன உரையாடல். உங்கள் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. நீங்கள் கேட்கிறீர்கள்:

“கொரெ வ நன் டெஸ் க?” (இது என்ன?)

எதிரே இருக்கும் நண்பன் சொல்கிறான்:

“ஸொரெ வ ஹொன் டெஸ்.” (உது புத்தகம்.)

‘நன்’ என்றால் என்ன. ‘ஹொன்’ என்றால் புத்தகம். ‘டெஸ்’ என்பது வாக்கியத்தை மரியாதையாக முடிக்கும் சொல். ‘டெஸு’ என்று எழுதுவார்கள். ஆனால் பேசும்போது கடைசி உகரத்தைப் பாதி விழுங்கிவிடுவார்கள். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வ’ என்பது ‘இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்’ என்று காட்டும் சொல். அதற்குச் சரியான தமிழ்ச் சொல் இல்லை. ‘க’ எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

வினை கடைசியில்!

‘ஐ ஈட் ஆன் ஆப்பிள்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம். அதில் ‘சாப்பிடுகிறேன்’ என்ற சொல் நடுவிலேயே வந்துவிடுகிறது. தமிழில்? ‘நான் ஆப்பிளைச் சாப்பிடுகிறேன்.’ வினை கடைசியில்தான். இதையே ஜப்பான் மொழியில் சொல்லிப் பாருங்கள்:

வத்தஷி வ ரிங்கொ ஒ தபெமஸ்.

வத்தஷி - நான். ரிங்கொ - ஆப்பிள். ஒ - ஐ. தபெமஸ் - சாப்பிடுகிறேன். சொற்கள் வரிசை மாறாமல் அப்படியே தமிழ் வரிசையில் நிற்கின்றன!

அந்தக் குட்டி ‘ஒ’வைக் கவனித்தீர்களா? அது நம் இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. அதைப் போல இன்னும் பல குட்டிச் சொற்கள் உண்டு. எல்லாமே நம் உருபுகளைப் போலப் பெயருக்குப் பின்னால்தான் வரும்.

நி - க்கு. ‘சென்னை நி’ என்றால் சென்னைக்கு.
நொ - உடைய. ‘வத்தஷி நொ ஹொன்’ என்றால் என்னுடைய புத்தகம்.
மொ - உம். ‘வத்தஷி மொ’ என்றால் நானும்.
தொ - நடுவில் வந்து இரண்டைச் சேர்க்கும். ‘இனு தொ நெக்கொ’ என்றால் நாயும் பூனையும்.
கர - இலிருந்து. ‘மதுரை கர’ என்றால் மதுரையிலிருந்து.
மதெ - வரை. ‘சென்னை மதெ’ என்றால் சென்னை வரை.
க - வாக்கியத்தின் கடைசியில் வந்தால் கேள்வி. நம் ‘ஆ’ போல. ‘தபெமஸ் க?’ என்றால் சாப்பிடுகிறீர்களா?

நமக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. தமிழில் ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘மரத்தை’ ஆகிறது. ‘நான்’ என்பது ‘என்னை’ ஆகிவிடுகிறது. ஜப்பானில் அந்த மாற்றமெல்லாம் கிடையாது. சொல்லைப் போடு, உருபை ஒட்டு, அவ்வளவுதான். தமிழ் பேசும் நீங்கள் இதைவிடக் கடினமான வேலையை மூன்று வயதிலேயே முடித்துவிட்டீர்கள்!

நான்கு வால்கள் போதும்

வினைச்சொல் இன்னும் சுலபம். ‘வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள்’ என்று நாம் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். அங்கே யார் செய்தாலும் ஒரே வடிவம்தான். நானும் தபெமஸ், அவளும் தபெமஸ், ஆடும் தபெமஸ்!

வால் மட்டும் மாறும்:

தபெமஸ் - சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் (இரண்டுக்கும் ஒன்றே)
தபெமஷித்த - சாப்பிட்டேன்
தபெமஸென் - சாப்பிட மாட்டேன், சாப்பிடுவதில்லை
தபெமஸென் டெஷித்த - சாப்பிடவில்லை (நேற்று நடந்தது)

இதே நான்கு வால்களை வேறு சொற்களுக்கும் மாட்டலாம். இக்கிமஸ் (போகிறேன்), கிமஸ் (வருகிறேன்), மிமஸ் (பார்க்கிறேன்), யொமிமஸ் (படிக்கிறேன்), நொமிமஸ் (குடிக்கிறேன்), நெமஸ் (தூங்குகிறேன்). ‘தபெமஸ்’ஸோடு சேர்த்து ஏழு சொற்கள், நான்கு வால்கள். ஏழு நான்கு இருபத்தெட்டு. பார்த்தீர்களா, பத்து நிமிடத்தில் இருபத்தெட்டு வினைகள்!

சாப்பிட்டுப் பார்!

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

‘இந்த லட்டைச் சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். யோசித்திருக்கிறீர்களா? லட்டைச் சாப்பிடுவது வாய். இதில் கண்ணுக்கு என்ன வேலை? இந்தப் ‘பார்’ கண்ணால் பார்ப்பது அல்ல, முயன்று பார்ப்பது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கேட்பவர் விழிப்பார்.

ஜப்பானில்? ‘தபெத்தெ மிமஸ்!’ ‘தபெத்தெ’ என்றால் சாப்பிட்டு. ‘மிமஸ்’ என்றால் பார்க்கிறேன். சாப்பிட்டுப் பார்க்கிறேன்! அங்கும் அதே அர்த்தம்தான்.

‘கைத்தெ ஒக்கிமஸ்’ என்றால்? ‘கைத்தெ’ - எழுதி. ‘ஒக்கிமஸ்’ - வைக்கிறேன். மறந்துபோகாமல் இருக்க எழுதி வைக்கிறேன்!

‘சாப்பிட்டு, எழுதி, போய்’ என்று முற்றுப்பெறாமல் நிற்கும் வினைகளை வினையெச்சம் என்று நம் இலக்கணம் சொல்கிறது. ‘தபெத்தெ, கைத்தெ, இத்தெ’ என்பவை கிட்டத்தட்ட அந்த வேலையையே செய்கின்றன. ஆங்கிலம் வழியாக ஜப்பான் மொழி படிப்பவர்களுக்கு இந்தப் பாடம் வந்ததும் தலை சுற்றும். நீங்களோ பாட்டி சொன்ன ‘போயிட்டு வரேன்’ வழியாகவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள்!

பளபளவும் படபடவும்

இரட்டைக்கிளவி நினைவிருக்கிறதா? ‘பளபள, படபட, மினுமினு’ என்று இரட்டையாகவே வரும் சொற்கள். ஜப்பான் மொழி முழுக்க இப்படிப்பட்ட சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன.

பிக்க பிக்க - பளபள
கிர கிர - நட்சத்திரம் மினுமினுப்பது
டொக்கி டொக்கி - நெஞ்சு படபடப்பது
பெக்கொ பெக்கொ - வயிறு பசியில் காய்வது
வன் வன் - நாய் குரைப்பது

கார்ட்டூனில் வரும் பிக்காச்சு பெயரிலும் இந்த ‘பிக்க’ இருக்கிறது. மின்னுவதற்கு ‘பிக்க’, எலி கீச்சிடுவதற்கு ‘ச்சு’!

உங்களுக்குத் தெரியாமலே இன்னும் சில ஜப்பானியச் சொற்கள் உங்கள் வாயில் இருக்கின்றன. ‘கராத்தே’ என்றால் வெறும் கை. ‘ஒரிகாமி’ என்றால் மடித்த காகிதம். செல்போனில் அனுப்பும் ‘எமோஜி’யில் ‘எ’ என்பது படம், ‘மோஜி’ என்பது எழுத்து. 2004 டிசம்பர் 26-ல் நம் கரையைத் தாக்கிய ‘சுனாமி’யும் ஜப்பானியச் சொல்தான். ‘சு’ துறைமுகம், ‘நமி’ அலை. அட, நம்ம ஊர் ‘ரிக்‌ஷா’வும் அங்கிருந்து வந்ததே! ‘ஜின்ரிக்கிஷ’ என்றால் மனித பலத்தால் ஓடும் வண்டி. மனிதன் இழுத்த வண்டியின் பெயர் இன்று ஆட்டோவோடும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.

எழுத்துதான் கொஞ்சம் மலை!

எல்லாம் சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எழுத்தில்தான் சவால். ஜப்பானியர் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுகிறார்கள்.

முதல் வகை ஹிரகனா. 46 அடிப்படை எழுத்துகள். இரண்டாவது கத்தகனா. அதிலும் 46. இது பெரும்பாலும் வெளிநாட்டுச் சொற்களை எழுத. ‘தமிரு’ என்பதை இதில்தான் எழுதுவார்கள். இந்த இரண்டையும் தினம் ஐந்தைந்தாகப் படித்தால் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடலாம். 247 எழுத்து படித்த நமக்கு இது பெரிய விஷயமா?

இந்த எழுத்துகளின் வரிசையைக் கேளுங்கள்: அ, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கோ கேட்டது போல இல்லை? நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ! ‘ஹ’ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ‘ப’ ஒலிதான் இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இது தற்செயல் அல்ல. புத்த மத நூல்களுக்காக ஜப்பானியத் துறவிகள் சமஸ்கிருத எழுத்துகளைப் படித்தார்கள். அப்போது இந்திய எழுத்து வரிசை அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது வகை கான்ஜி. சீனாவிலிருந்து வந்த எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. நோட்டை எடுங்கள். ஒரு கூட்டல் குறி போடுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சாய்வாக ஒவ்வொரு கோடு இழுங்கள். அது ‘மரம்’! அதே போல இரண்டு மரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ‘தோப்பு’. மேலே ஒன்று, கீழே இரண்டு என மூன்று மரம் போட்டால் ‘காடு’. எவ்வளவு அழகு!

ஆனால் இவற்றின் எண்ணிக்கைதான் பயமுறுத்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வெளியிட்ட பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. ஜப்பானியக் குழந்தைகளே ஒன்றாம் வகுப்பில் 80, ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1,026 என்று மெல்ல மெல்லத்தான் படிக்கிறார்கள். ஆகவே நாமும் அவசரப்பட வேண்டாம்.

அண்ணன் தம்பியா?

இவ்வளவு ஒற்றுமை இருக்கிறதே, தமிழும் ஜப்பான் மொழியும் அண்ணன் தம்பியா என்று கேட்பீர்கள். இதே கேள்வியை ஒரு பெரிய ஜப்பானிய மொழி அறிஞரும் கேட்டார். அவர் பெயர் சுசுமு ஓனோ (1919-2008). இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கி மொழியிலும்கூட வினை கடைசியில்தான் வரும். முகச்சாயல் ஒத்துப்போனால் சொந்தக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? ஆகவே, உறவு என்று அடித்துச் சொல்ல வேண்டாம். சாயலைப் பார்த்து ரசிப்போம். அந்தச் சாயல் படிப்பதற்கு உதவுகிறது, அது போதும்.

எப்படிப் பழகலாம்?

ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தினமும் ஐந்து சொற்கள், ஒரு வாக்கியம். சத்தமாகச் சொல்லுங்கள். வாக்கியத்தை முதலில் தமிழில் நினையுங்கள், ஆங்கிலத்தில் அல்ல. பிறகு ஒவ்வொரு சொல்லாக மாற்றுங்கள். தப்பு வந்தால் வெட்கப்பட வேண்டாம். ‘ஸுமிமஸென்’ (மன்னியுங்கள்) என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

மரியாதையும் முக்கியம். காலை வணக்கத்துக்கு நண்பனிடம் ‘ஒஹயோ’ போதும். ஆசிரியரிடம் ‘ஒஹயோ கொஸைமஸ்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். பிறர் பெயரோடு ‘ஸன்’ சேர்க்க வேண்டும். ஆனால் உங்கள் பெயரோடு நீங்களே சேர்த்துக்கொள்ளக் கூடாது. ‘நான் குமார் அவர்கள்’ என்று சொன்னால் எப்படிச் சிரிப்பார்களோ, அப்படிச் சிரிப்பார்கள்! நன்றி சொல்ல ‘அரிகத்தோ’.

ஆர்வம் வளர்ந்தால் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதலாம். அதில் ஐந்து படிகள். ‘என்5’தான் முதல் படி, ‘என்1’ உச்சி. சென்னையிலும் இந்தத் தேர்வு நடக்கிறது.

கண்டுபிடியுங்கள்!

இவற்றைத் தமிழில் சொல்லுங்கள். விடை கீழே இருக்கிறது. முதலிலேயே பார்க்கக் கூடாது!

1. அரெ வ நன் டெஸ் க?
2. நெக்கொ மொ தபெமஸ்.
3. மதுரை கர சென்னை மதெ இக்கிமஸ்.
4. ரிங்கொ ஒ தபெத்தெ மிமஸ்.
5. வத்தஷி நொ ஹொன் ஒ யொமிமஷித்த க?

விடைகள்: 1. அது என்ன? 2. பூனையும் சாப்பிடுகிறது. 3. மதுரையிலிருந்து சென்னை வரை போகிறேன். 4. ஆப்பிளைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன். 5. என்னுடைய புத்தகத்தைப் படித்தீர்களா?

ஐந்தும் சரியா? சபாஷ்! மூன்று சரியென்றாலும் சபாஷ்தான். காலையில் இந்தப் பக்கத்தைப் பிரித்தபோது இதில் ஒன்றாவது தெரியுமா உங்களுக்கு?

இன்னொரு மொழியைப் படிக்கப் போய், நம் மொழியில் மறந்துபோன ‘உது’ திரும்பக் கிடைத்தது. தினமும் சொல்லும் ‘சாப்பிட்டுப் பார்’ புதிதாகத் தெரிந்தது. வேறு மொழி படித்தால் தமிழ் மறந்துபோகும் என்று யாராவது சொன்னால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நாளைக் காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று ‘இத்தெ கிமஸ்!’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பாட்டி திடுக்கிட்டு ‘என்னடா அது?’ என்பார். அர்த்தம் சொல்லிக்கொடுங்கள். அடுத்த நாள் அவரே ‘இத்தெரஷ்ஷை!’ என்று வழியனுப்பலாம். சாயந்திரம் திரும்பி வந்ததும் ‘ததைம!’ (இதோ வந்துவிட்டேன்!) என்று சொல்ல மறக்காதீர்கள்.

சரி குட்டீஸ், இத்தெ கிமஸ்!